ஜனநாயகத்தில் எது பழுது? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

"ஜனநாயகம் தோற்றுவிட்டது" என்ற புகாரை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. அதனிடம் நாம் ஐந்து வேலைகளை ஒப்படைத்திருக்கிறோம். ஆள்பவரை ரத்தம் சிந்தாமல் மாற்ற வேண்டும். எல்லார் வாக்குக்கும் ஒரே எடை இருக்க வேண்டும். மக்கள் கேட்பது ஆட்சியின் காதில் விழ வேண்டும். எண்ணிக்கையில் குறைந்தவர்கள் நசுங்கக் கூடாது. தவறு நடந்தால் அது வெளியே தெரிந்து திருத்தப்பட வேண்டும். இந்த ஐந்தையும் வெவ்வேறு உறுப்புகள் செய்கின்றன: வாக்கு எண்ணும் முறை, தொகுதி எல்லையும் தேர்தல் விதியும், கட்சிகளும் சட்டமன்றமும், அரசியலமைப்பும் நீதிமன்றமும், பத்திரிகையும் அரசுக் கணக்குத் தணிக்கையும்.

முதல் வேலையைத்தான் அது மற்ற எந்த ஆட்சிமுறையைவிடவும் நன்றாகச் செய்கிறது. நான்காவதில் அடிக்கடி சறுக்குகிறது. ஐந்தாவதில், திடீரென வரும் ஆபத்தைச் சமாளித்துவிட்டு, மெல்ல வளரும் கேட்டைக் கோட்டை விடுகிறது. மிகச் சிறந்த முடிவு, அறிஞர்களின் ஆட்சி, எல்லாரும் ஒத்துப்போவது ஆகியவற்றை அது தருவதாக யாரும் ஒப்பந்தம் போடவில்லை; அவை கிடைக்காததைப் பழுது என்று எழுதாதீர்கள்.

முதல் இரண்டு அறிகுறிகளில் ஒன்று இருந்தால் மற்றவற்றைத் தள்ளிவையுங்கள். ஆட்சியை மாற்றவே முடியாத இடத்தில் வேறு எந்தத் திருத்தமும் நிலைக்காது. இன்னொன்று: ஒரு வேலைக்கான மருந்து அடுத்த வேலையைக் கெடுப்பது இங்கே வழக்கம். ஒவ்வொரு திருத்தத்தோடும் அதன் பக்கவிளைவையும் சேர்த்துப் பாருங்கள்.

அறிகுறி 1: முடிவை யாரும் நம்பவில்லை, அல்லது தோற்றவர் விலக மறுக்கிறார்

முதலில் கேட்க வேண்டியது: வாக்குகள் எங்கே எண்ணப்படுகின்றன? வாக்குச்சாவடியிலேயே எண்ணி, முகவர்கள் கையெழுத்திட்டு, தாளைச் சுவரில் ஒட்டி, நகலை ஒவ்வொரு முகவருக்கும் கொடுத்தால், நாடு முழுவதற்குமான கூட்டலை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான பெட்டிகளில் கள்ள ஓட்டுத் திணிக்க ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். தொகுப்பு மையத்தில் ஓர் எண்ணை மாற்ற ஒரு கை போதும். ஆகவே சாவடிக்கும் மையத்துக்கும் இடையிலான பாதையை முதலில் சோதியுங்கள்.

காம்பியாவில் வாக்குச் சீட்டே கிடையாது. வேட்பாளரின் நிறமும் படமும் உள்ள இரும்பு உருளைக்குள் வாக்காளர் ஒரு கோலிக்குண்டைப் போடுகிறார். உள்ளே மணி ஒருமுறை ஒலிக்கிறது. இரண்டாவது குண்டைப் போட்டால் வெளியே நிற்பவர்களுக்குக் கேட்டுவிடும். 2016 டிசம்பர் தேர்தலில் குண்டுகளைச் சாவடியிலேயே எண்ணினார்கள். 22 ஆண்டுகளாக ஆண்ட யாஹ்யா ஜம்மே முதலில் தோல்வியை ஏற்று, ஒரு வாரத்தில் பேச்சை மாற்றினார். எண்ணிக்கை ஏற்கனவே ஊரறிந்ததாகிவிட்டதால் அண்டை நாடுகள் புதிய அதிபரின் பக்கம் நின்றன. 2017 ஜனவரி 21 அன்று ஜம்மே நாட்டை விட்டு வெளியேறினார்.

மலாவியில் தடம் தாளிலேயே கிடைத்தது. 2019 அதிபர் தேர்தலின் முடிவுத் தாள்களில் எண்களை வெள்ளைத் திருத்த மையால் அழித்து எழுதியிருந்தார்கள். 2020 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்து செய்தது. ஜூனில் நடந்த மறுதேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் வென்றார். மூலத் தாள்களைக் காப்பாற்றி வைத்தால்தான் இந்த வழி திறந்திருக்கும்.

மோசடி நிரூபணமாகாமலேயே முடிவு செல்லாததாகவும் கூடும். ஆஸ்திரியாவில் 2016 மே மாத இறுதிச் சுற்றின் வித்தியாசம் 30,863 வாக்குகள். அஞ்சல் வாக்குகளைப் பல மாவட்டங்களில் விதித்த நேரத்துக்கு முன்பே பிரித்திருந்தார்கள்; அப்படிக் கையாளப்பட்டவை 77,000-க்கு மேல். யாரும் எண்ணை மாற்றியதாகச் சான்று இல்லை. ஆனால் விதி மீறிக் கையாண்ட வாக்குகள் வித்தியாசத்தைவிட அதிகம் என்பதால் நீதிமன்றம் மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது. அதே மனிதர் மீண்டும், இன்னும் பெரிய வித்தியாசத்தில் வென்றார். நேர விதியைச் சிறு விஷயமாக நினைக்கும் அலுவலருக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

இயந்திரத்தில் வாக்களிக்கும் இடங்களில் காகிதச் சீட்டும் வர வேண்டும். அதை மாதிரி எடுத்து எண்ணிப் பார்க்க வேண்டும். இதில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. எந்தச் சாவடிகளைச் சோதிப்போம் என்று முன்கூட்டியே அறிவிப்பது ஒன்று. குலுக்கலை எல்லா எண்ணிக்கையும் வெளியான பிறகே போட வேண்டும். எல்லாத் தொகுதிக்கும் ஒரே அளவு மாதிரி எடுப்பது இன்னொன்று. வித்தியாசம் 20 சதவீதம் என்றால் சிறு மாதிரி போதும், அரை சதவீதம் என்றால் பெரிய மாதிரி வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ 2017 முதல் இந்தக் கணக்கின்படிதான் மாநிலம் முழுவதும் சோதிக்கிறது.

அறிகுறி 2: தேர்தல் நடக்கிறது, ஆனால் ஆள்பவரே விதியையும் மாற்றிக்கொண்டிருக்கிறார்

ஒரு தாளில் நான்கு பெயர் எழுதுங்கள்: தேர்தல் ஆணையம், உச்ச நீதிமன்றம், கணக்குத் தணிக்கை அதிகாரி, அரசுத் தொலைக்காட்சி. ஒவ்வொன்றுக்கும் நேராக யார் நியமிக்கிறார், யார் நீக்கலாம், பதவிக்காலம் எத்தனை ஆண்டு, ஓய்வு வயதை யார் மாற்றலாம் என்று குறியுங்கள். நான்கையும் ஒரே கட்சி ஒரே ஆட்சிக்காலத்தில் நிரப்பிவிட முடியுமானால், இன்று ஆள்பவர் நல்லவராகவே இருந்தாலும் அமைப்பு பழுதுதான்.

ஹங்கேரியில் 2010-இல் ஃபிடெஸ் கட்சிக்கு ஏறத்தாழ 53 சதவீத வாக்கு. 386 இடங்களில் 263. அரசியலமைப்பை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு போதும் என்றிருந்ததால், வேறு யாரையும் கேட்காமல் புதிய அரசியலமைப்பு 2012 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. நீதிபதிகளின் ஓய்வு வயது 70-லிருந்து 62 ஆனது. மூத்தவர்கள் ஒரே வீச்சில் வெளியேறினார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் அது தவறு என்று அந்த ஆண்டு நவம்பரில் சொன்னது. அதற்குள் பல நாற்காலிகளில் வேறு ஆட்கள் அமர்ந்துவிட்டார்கள். பாதி மக்களின் வாக்கு மூன்றில் இரண்டு பங்கு இடமாக ஊதிப் பெருகும் தேர்தல் விதியும், மூன்றில் இரண்டு பங்கே பூட்டாக இருக்கும் அரசியலமைப்பும் ஒன்றாகச் சேரக் கூடாது. இரண்டில் ஒன்றை மாற்றியாக வேண்டும்.

ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு 16 நீதிபதிகள். பாதிப் பேரை ஓர் அவை, மீதியை மற்ற அவை, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தேர்கிறது. 12 ஆண்டுப் பதவி, ஒரே முறை. மறுநியமனத்துக்காக யாரையும் குளிர்விக்க வேண்டியதில்லை. இதில் பதவிக்காலமும் எண்ணிக்கையும் சாதாரணச் சட்டத்தில்தான் இருந்தன. ஓர் எளிய பெரும்பான்மை அவற்றை மாற்றிவிடலாம் என்பதை உணர்ந்து 2024 டிசம்பரில் அரசியலமைப்புக்குள்ளேயே ஏற்றினார்கள். பக்கவிளைவு: மூன்றில் இரண்டு வேண்டும் என்றால் ஒரு சிறு அணி முரண்டு பிடித்து நாற்காலியைக் காலியாகவே வைத்திருக்கலாம். அதனால் ஓர் அவையில் உரிய காலத்தில் முடியாவிட்டால் மற்ற அவை தேரலாம் என்ற வழியையும் சேர்த்தே எழுதினார்கள். இந்த மாற்றுவழி இல்லாத பூட்டைப் பரிந்துரைக்காதீர்கள்.

தேர்தலுக்கு முந்தைய ஓராண்டில் தேர்தல் விதியின் அடிப்படைகளைத் தொடக் கூடாது என்பது, ஐரோப்பிய அவையின் சட்ட ஆலோசனைக் குழுவான வெனிஸ் ஆணையத்தின் 2002 வழிகாட்டுநெறி. தொட்டால் அதுவே ஓர் அறிகுறி.

அறிகுறி 3: குறைந்த வாக்கு வாங்கியவர் அதிக இடம் பிடிக்கிறார்

நான்கு காரணங்கள் இருக்கலாம். இந்த வரிசையில் விலக்கிக்கொண்டே வாருங்கள்.

தொகுதி அளவு. ஒவ்வொரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையையும் சராசரியோடு ஒப்பிடுங்கள். வெனிஸ் ஆணையம் சொல்லும் வரம்பு 10 சதவீத விலகல். தனிக் காரணம் இல்லாமல் 15-ஐத் தாண்டவே கூடாது. மக்கள் இடம்பெயர்வதால் எல்லை தானாகவே கெடும், யாரும் கெடுக்க வேண்டியதில்லை. 1832 வரை இங்கிலாந்தில், குடியிருப்பவர் அநேகமாக யாருமில்லாத ஓல்டு சாரம் மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். மான்செஸ்டர் போன்ற தொழில் நகரத்துக்குத் தனி உறுப்பினரே இல்லை.

எல்லைக் கோடு. அளவு சமமாக இருந்தும் முடிவு கோணலாக இருந்தால் கோட்டைப் பாருங்கள். 25 வாக்காளர், 5 பேர் கொண்ட 5 தொகுதிகள் என்று வைத்துக்கொள்வோம். 'அ' கட்சிக்கு 10 வாக்கு, 'ஆ' கட்சிக்கு 15. கோடு போடுபவர் 'அ'வின் ஆட்களை 3, 3, 3, 1, 0 என்று பிரிக்கிறார். 'ஆ'வுக்கு 2, 2, 2, 4, 5 கிடைக்கும். 40 சதவீதம் பெற்ற 'அ' மூன்று இடம் பிடித்து ஆட்சி அமைக்கும். இப்போது வீணான வாக்குகளை எண்ணுங்கள்: தோற்ற தொகுதியில் விழுந்தவை எல்லாம் வீண், வென்ற தொகுதியில் தேவையான 3-க்கு மேல் விழுந்தவையும் வீண். 'அ'வுக்கு வீணானது 1. 'ஆ'வுக்கு 2+2+2+1+2, ஆக 9. வித்தியாசம் 8, 25-இல் 32 சதவீதம். உங்கள் தொகுதிகளின் முடிவுகளை வைத்து ஒரே மாலையில் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். ஒரு தேர்தலில் மட்டும் பெரிதாக வந்தால் தற்செயலாக இருக்கலாம். தொடர்ந்து ஒரே கட்சிக்குச் சாதகமாக வந்தால் கோடு போட்டவரைக் கேளுங்கள். ஒரு கட்சியின் ஆதரவாளர்கள் நகரத்தில் நெருங்கி வாழ்வதாலும் இந்த எண் ஏறும். அதனால் இதை மட்டுமே சான்றாக வைத்து யாரையும் குற்றம் சாட்ட முடியாது.

அதிக வாக்கு பெற்றவர் மட்டும் வெல்லும் விதி. 2024 பிரிட்டன் தேர்தலில் தொழிற்கட்சிக்கு 33.7 சதவீத வாக்கு. 650-இல் 411 இடம். ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 சதவீதத்துக்கு 5 இடம். அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் பெற்ற லிபரல் டெமாக்ராட்டுகளுக்கு 72. கோட்டில் சூது எதுவும் இல்லை. வாக்கு எங்கே குவிந்தது, எங்கே சிதறியது என்பது மட்டுமே வேறுபாடு.

நுழைவு வரம்பு. வாக்குச் சதவீதத்துக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறையில், சிறு கட்சிகளைத் தடுக்க வைக்கும் குறைந்தபட்ச வாக்குச் சதவீதம் இது. துருக்கியில் அது 10 ஆக இருந்தது. 2002-இல் இரண்டே கட்சிகள் அதைத் தாண்டின. 34.3 சதவீதம் பெற்ற கட்சி 550-இல் 363 இடம் பிடித்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினரின் வாக்கு எந்த இடமாகவும் மாறவில்லை. வரம்பே வேண்டாம் என்று எடுத்துவிட்டாலும் தொல்லைதான்; துண்டு துண்டாகச் சிதறிய அவையில் ஆட்சி நிற்காது. 3 முதல் 5 சதவீதம் வரை வைத்திருக்கும் நாடுகளே அதிகம்.

அறிகுறி 4: பெரும்பாலோர் விரும்பாதவர் வென்றுவிடுகிறார்

ஒரே பக்கத்து வாக்குகள் பிரிந்துவிட்டனவா என்று பாருங்கள். பிரான்ஸில் 2002 அதிபர் தேர்தலில் 16 வேட்பாளர்கள். இடதுசாரி வாக்கு பலருக்குச் சிதறியதால் அந்தப் பக்கத்து முதன்மை வேட்பாளர் ஜோஸ்பேன் 16.18 சதவீதத்தோடு வெளியேறினார், 16.86 பெற்ற தீவிர வலதுசாரி லெ பென் இறுதிச் சுற்றுக்குப் போனார். அங்கே அவரை எதிர்த்த ஷிராக் 82 சதவீதம் பெற்றார். இரண்டு சுற்று முறை வைத்தும் முதல் சுற்றிலேயே பழுது வந்துவிட்டது. வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதும் முறையில் இது குறையும். ஆஸ்திரேலியாவின் கீழவை 1918 முதல் அப்படித்தான் தேர்கிறது.

ஆனால் எந்த முறையாலும் தீராத ஒரு முடிச்சு உண்டு. மூன்று பேர், மூன்று யோசனைகள். ஒருவரின் வரிசை க, ச, த. இன்னொருவருக்கு ச, த, க. மூன்றாமவருக்கு த, க, ச. இரண்டிரண்டாக வாக்கெடுத்தால் 'க' 'ச'வை வெல்லும், 'ச' 'த'வை வெல்லும், 'த' 'க'வை வெல்லும். பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே 1785-இல் காட்டிய வட்டம் இது. இங்கே வெல்லப்போவது எது என்பதை, எந்த இரண்டை முதலில் மோதவிடுவது என்று முடிவுசெய்பவரே தீர்மானிக்கிறார். ஆகவே "மக்கள் விருப்பம் இதுதான்" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், கேள்வியை எழுதியது யார், வரிசையை வைத்தது யார் என்று கேளுங்கள். வாக்கெடுப்பு வரிசையை முன்கூட்டியே விதியாக எழுதிவைப்பது மட்டுமே நம் கையில் உள்ள தற்காப்பு.

அறிகுறி 5: யார் வந்தாலும் கொள்கை மாறுவதில்லை

பணம் எங்கிருந்து வருகிறது, உறுப்பினர் யாருக்குப் பயப்படுகிறார் என்ற இரண்டையும் பாருங்கள். நன்கொடையாளர் பெயர் வெளியே வராவிட்டால் முதல் கேள்விக்குப் பதிலே கிடையாது. இந்தியாவில் 2018-இல் தொடங்கிய தேர்தல் பத்திரத் திட்டத்தில் யார் யாருக்குக் கொடுத்தார் என்பது வாக்காளருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, விவரங்களை வெளியிடச் சொன்னது. தேர்தல் முடிந்து பல மாதம் கழித்து வரும் கணக்கு, தேர்தலுக்கு உதவாது. பெயர், தொகை, நாள் மூன்றும் வாக்குப்பதிவுக்கு முன்பே வெளிவர வேண்டும்.

இரண்டாவது கேள்வியில் மருந்தே நோயான கதை இருக்கிறது. பதவிக்காகக் கட்சி மாறுவதைத் தடுக்க இந்தியாவில் 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும் பதவி போகும் என்று அதில் எழுதியிருப்பதால், தொகுதி மக்கள் எதைக் கேட்டாலும் உறுப்பினர் கட்சித் தலைமை சொன்னபடிதான் கையைத் தூக்க வேண்டும். கட்சி மாறுவதற்குத் தண்டனை இருக்கட்டும். கொறடாவின் கட்டு நம்பிக்கைத் தீர்மானத்துக்கும் பண மசோதாவுக்கும் மட்டும் போதும். அப்படிச் சுருக்கினால் ஆட்சியும் கவிழாது, உறுப்பினரின் வாயும் திறக்கும்.

வாக்குப்பதிவு குறைந்தால் முதலில் எதனால் வகுத்தார்கள் என்று பாருங்கள். பட்டியலில் உள்ளவர்களால் வகுத்த சதவீதம், பட்டியலிலேயே இல்லாதவர்களை மறைத்துவிடும். பட்டியல் சரியாக இருந்தும் குறைந்தால்தான் அக்கறையின்மை பற்றிப் பேசலாம். ஆஸ்திரேலியாவில் 1922-இல் 60 சதவீதத்துக்குக் கீழே போனது. 1924-இல் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். அடுத்த ஆண்டே 91-ஐத் தாண்டியது.

அறிகுறி 6: பெரும்பான்மை எல்லா விதியையும் பின்பற்றியபடியே சிறுபான்மையை ஒடுக்குகிறது

இதுதான் கண்டுபிடிக்க மிகக் கடினமான பழுது, ஏனென்றால் மற்ற எல்லாச் சோதனையிலும் அமைப்பு தேறிவிடும். இலங்கையைப் பாருங்கள். 1931-லேயே ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை, ஆசியாவிலேயே முன்னோடி. சுதந்திர அரசியலமைப்பின் 29(2) பிரிவு, மற்றவர்களுக்கு இல்லாத சுமையை ஒரு சமூகத்தின் மேல் மட்டும் சுமத்தும் சட்டம் செல்லாது என்றது. வேலி கண்ணுக்குத் தெரிந்தது.

1948 குடியுரிமைச் சட்டம் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லவில்லை. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்கச் சொன்னது. தேயிலைத் தோட்ட லயங்களில் வாழ்ந்த மலையகத் தமிழரிடம் அப்படிப்பட்ட பத்திரம் எங்கே இருக்கும்? அடுத்த ஆண்டு வாக்குரிமையைக் குடிமக்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். மலையகத் தமிழரில் 1947-இல் வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் 1952 பட்டியலில் இல்லை. வழக்கு, அப்போதைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. 1956-இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானது. 1972 அரசியலமைப்பில் 29(2) இல்லவே இல்லை.

பழுது மூன்று இடத்தில் இருந்தது. நீதிமன்றம் சட்டத்தின் சொற்களை எடைபோட்டது. சுமை யார் தோளில் விழுகிறது என்பதை எடைபோடவில்லை. பாதிக்கப்பட்டவர்களிடமிருந்து முதலில் பறிக்கப்பட்டது வாக்குரிமையே என்பதால் அடுத்த தேர்தலில் திருத்திக்கொள்ளும் வழி அடைபட்டது. வேலியைப் பிடுங்கவும் அதே பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது.

ஆகவே உங்கள் சோதனை இது: புதிய சட்டம் வந்தால், அதனால் பட்டியலிலிருந்து நீங்குபவர்களையும் புதிதாக ஆவணம் தேட வேண்டியவர்களையும் சமூகவாரியாக எண்ணுங்கள். சொல்லில் சமமாக இருந்து எண்ணில் ஒரே பக்கம் சாய்ந்தால் அறிகுறி உறுதி. திருத்தமாக, விளைவை அளந்து தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். சிறுபான்மைப் பிரதிநிதிகளின் ஒப்புதல் இன்றி வேலியைத் தொட முடியாதபடி பூட்ட வேண்டும். 1998 அமைதி ஒப்பந்தப்படி வட அயர்லாந்து அவையில் முக்கிய முடிவுகளுக்கு, பிரிட்டனோடு இருக்க விரும்புவோர், அயர்லாந்தோடு சேர விரும்புவோர் என்ற இரு சமூகத்து உறுப்பினர்களின் ஆதரவும் தேவை. வன்முறை அடங்க அது பெரிதும் உதவியது. ஆட்சியமைப்பிலும் ஒரு தரப்பு விலகினால் எல்லாம் நின்றுவிடும் என்பதால் 2002 முதல் 2007 வரையும், 2017 முதல் 2020 வரையும், 2022 முதல் 2024 வரையும் அங்கே ஆட்சி முடங்கியது. பாதுகாப்புப் பூட்டு குடியுரிமை, மொழி, நிலம், வாக்குரிமை போன்றவற்றுக்கு மட்டும் இருக்கட்டும். தினசரி நிர்வாகத்துக்கு வேண்டாம்.

அறிகுறி 7: எல்லாருக்கும் தெரிந்த கேடு, யாரும் தொடுவதில்லை

பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் சுட்டிக்காட்டிய வேறுபாடு இங்கே உதவும். 1943 வங்கப் பஞ்சம் அந்நிய ஆட்சியில் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் அந்த அளவில் பஞ்சம் வரவில்லை. பத்திரிகை எழுதும், எதிர்க்கட்சி கேட்கும், ஆள்பவர் தோற்பார். அதே நாட்டில் குழந்தைகளின் ஊட்டக்குறைவு தலைமுறைகளாகத் தொடர்கிறது, ஏனென்றால் அது எந்த ஒரு நாளிலும் தலைப்புச் செய்தி ஆவதில்லை. பருவநிலை, நிலத்தடி நீர், ஓய்வூதியக் கடன் ஆகியவையும் இந்த இனம்.

திருத்தம்: மெதுவான கேட்டுக்கு ஒரு தேதி கொடுப்பது. பிரிட்டனின் 2008 பருவநிலைச் சட்டம் ஐந்தைந்து ஆண்டுக்கான உமிழ்வு வரம்பைச் சுமார் 12 ஆண்டு முன்னதாகவே சட்டமாக்கச் சொல்கிறது. தனிக் குழு ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை தர, அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். எண், தேதி, பதில் சொல்லும் கடமை மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் அறிக்கை அலமாரிக்குப் போய்விடும்.

திருத்தியபின் சோதிப்பது

ஒரு சமயத்தில் ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. நியூசிலாந்து 1978-லும் 1981-லும் அதிக வாக்கு பெற்ற கட்சி எதிர்க்கட்சியாக உட்கார்ந்ததைக் கண்டது. 1986-இல் ஆணையம், தொகுதி உறுப்பினர்களோடு வாக்குச் சதவீதப்படி கட்சிப் பட்டியலிலிருந்தும் இடம் தரும் விகிதாசாரக் கலப்பு முறையைப் பரிந்துரைத்தது. 1992-இல் மாற்றம் வேண்டுமா என்று ஒரு வாக்கெடுப்பு, 1993-இல் இந்த முறையா பழையதா என்று கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு, 53.9 சதவீதம் ஆம். 1996-இல் முதல் தேர்தல். ஐந்து தேர்தல்களைப் பார்த்தபின், 2011 தேர்தலோடு மீண்டும் மக்களிடம் கேட்டார்கள், 57.8 சதவீதம் தொடரட்டும் என்றது.

அதன்பின் நடந்த ஆய்வு, நுழைவு வரம்பை 5-லிருந்து 4 சதவீதமாக்கச் சொன்னது. வரம்பு 5-லேயே நின்றுவிட்டது. பரிந்துரையை ஏற்பதா மறுப்பதா என்று நாடாளுமன்றம் குறித்த நாளுக்குள் வாக்கெடுத்தே ஆக வேண்டும் என்ற விதி இல்லை. மறுஆய்வு பற்றிய பிரிவை எழுதும்போது அந்த நாளையும் அதிலேயே எழுதுங்கள்.